இருமாத வியாபாரி

மிலானிலிருந்து வந்த வியாபாரி சலவேரி இருமவில்லை. எண்ணெய் ஆலை முதலாளி நூன்ஸியோ அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கு இத்தாலியின் பித்தோந்தோவில் ஆலிவ் அறுவடை வந்துவிட்டால் எல்லோருமே நிபுணர்கள். புது எண்ணெயை உறிஞ்சியதும் தொண்டை கமற வேண்டும். ஒருமுறை இருமினால் நல்ல எண்ணெய். மூன்று முறை இருமினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சலவேரியோ கோப்பையை வைத்துவிட்டு, "ம்ம்" என்றார்.

"ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார்.

இந்த மனிதர் வாங்காவிட்டால், வருஷம் பூராவும் பார்த்துப் பார்த்து எடுத்த எண்ணெயை, கண்டதோடு கலந்து விற்கும் மொத்த வியாபாரியிடம்தான் தள்ள வேண்டும். நினைத்தாலே நூன்ஸியோவுக்கு அழுகை வந்தது.

சலவேரி திரும்பி வந்ததும் நூன்ஸியோ இன்னொரு கோப்பையை நீட்டினார்.

"இது இப்பதான் மெஷின்லேர்ந்து வந்தது சார். லிட்டர் பதினஞ்சு யூரோ சொன்னேன், உங்களுக்காகப் பதிமூணு!"

சலவேரி உறிஞ்சினார். முகம் லேசாகச் சிவந்தது.

"ம்ம். மறுபடியும் போன்."

"நூன்ஸியோ, அந்த ஆளுக்குத் தொண்டையா, தகரக் குழாயா?" என்றாள் மனைவி ஃபிலோமேனா.

கடைசியாக, வீட்டுக்கென்று ஒளித்து வைத்திருந்த, பச்சைக் காயில் எடுத்த எண்ணெய் வந்தது. எப்படிக் குடிப்பது என்று காட்டப்போய் நூன்ஸியோவே புரையேறி இருமினார். வாசம் பார்க்க வந்த ஃபிலோமேனாவும் ஒரு வாய் குடித்துவிட்டு இருமினாள். சலவேரிக்குக் கண் கலங்கியது, அவ்வளவுதான்.

"ம்ம். வீட்லேர்ந்து கூப்பிடறாங்க!" என்று வெளியே ஓடினார்.

நூன்ஸியோ அடுப்படியில் தொங்கிய காய்ந்த மிளகாய்ச் சரத்தைப் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு கிள்ளிப் போட்டா என்ன?"

"போட்டுட்டு, எக்ஸ்ட்ரா வர்ஜின்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சீட்டு ஒட்டுவ?" ஃபிலோமேனா சரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "கெடைக்கிற விலைக்குக் குடுத்துத் தொலை. நம்ம எண்ணெய் நல்ல கடைக்காவது போகட்டும்."

சலவேரி உள்ளே வந்தார்.

"ஒம்பது யூரோ சார்" என்று கெஞ்சினார் நூன்ஸியோ. "அதுக்குக் கீழ என்னால முடியாது."

"நீங்க இவ்ளோ தூரம் கெஞ்சறதால வாங்கிக்கறேன்" என்று சலவேரி பெருந்தன்மையோடு கையை நீட்டினார். பித்தோந்தோவில் கை குலுக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. நூன்ஸியோவும் வேஷ்டியில்லாத குறையாக, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து, ஆலிவ் மூட்டை இறக்க வந்த பக்கத்துத் தோட்டத்துத் தோனாத்தோ உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நூன்ஸியோ, கை குலுக்குறது இருக்கட்டும், மொதல்ல இந்தப் பெரிய மனுஷருக்குத் தண்ணி குடுப்பா! மூணு தடவை என் வண்டிக்குப் பின்னாடி ஓடி வந்து, வாயில கைக்குட்டைய அடைச்சுக்கிட்டு, குடலே வெளிய வந்துடற மாதிரி இருமினாரு!"