பீரோ முற்றுகைப் படலம்

வாழ்க, பழுதான பொருள்களின் பாதுகாவலன்! வாழ்க, திருப்புளி தாங்கிய தடக்கையன், ஈயம் உருக்கும் இரும்புக்கோலன், குப்பைத்தொட்டிகளைத் திசைதோறும் வென்று, வாய் மூடிய ரேடியோவும் கண் மூடிய டிவியும் இரு தோளில் சுமந்து இல்லம் மீண்ட ஏந்தல்! இன்சூரன்ஸ் ஆபீசில் வாரமெல்லாம் கோப்புக் கட்டுகளோடு மல்லாடுகிறவன் எனினும், அக்கம்பக்கத்தார் வாயால் ‘ஸ்பேர் பார்ட்ஸ் சார்’ என்னும் விருதுப்பெயர் பெற்ற அப்பெருமகனைப் பாட, நாவே, நீ தயங்காதே. நீ தயங்கினால் பாட வேறு ஆளில்லை.

வராந்தாவில் குவிந்து, வழியை மறித்து, வாளியையும் துடைப்பத்தையும் நாடு கடத்திய மூன்று சாக்குக் களஞ்சியங்களை ஒன்பது ஆண்டு பொறுத்த அவன் துணைவி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தையல் மெஷின் என்னும் அரியணையில் வீற்றிருந்தபடி ஆணை பிறப்பித்தாள்.

“சாயங்காலத்துக்குள்ள இதுலேர்ந்து வீட்டுக்கு உருப்படியா ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா மூணு சாக்கும் பழைய இரும்புக்காரர்கிட்ட போயிரும்.”

ஒன்பது ஆண்டில் அச்சாக்குகளிலிருந்து உருப்படியாக எதுவும் பிறந்ததில்லை என்பதை வரலாறு நாகரிகம் கருதி மறைக்கிறது, நாமும் மறைக்கிறோம். வீரனோ மூன்று சாக்குகளையும் ஒருமுறை தடவிப் பார்த்தான். அந்தச் சாக்குகள் போனால் அவன் வெறும் கோப்புக்காரன்.

ஆகவே, சமையலறைக் கத்திகளெல்லாம் சுவரில் அணிவகுத்துத் தொங்கும் காந்தப்பலகை ஒன்று படைப்பேன் எனச் சூளுரைத்து, செத்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை மடியில் கிடத்தி, நெஞ்சு பிளக்கத் தொடங்கினான். நட்சத்திரத் தலைத் திருகாணிகள் ஐந்து வரிசையாகச் சாய்ந்தன. ஆறாவது மட்டும் தலை வழுக்கி, ஒரு மணி நேரம் போக்குக் காட்டிவிட்டுத்தான் சரணடைந்தது. உள்ளே, அரைநிலா வடிவில் மின்னின காந்தங்கள் இரண்டு. முதலாவதை அதன் தகட்டிலிருந்து நெம்புகையில் அது சில்லாக உடைந்து உயிர் துறந்தது. இரண்டாவதோ முழுசாகப் பெயர்ந்து, வெற்றி முழக்கத்துக்கு வீரன் வாய் திறந்த கணத்தில், விரலிடை நழுவித் தாவி, அருகில் நின்ற இரும்பு பீரோவின் கதவோரத்தில் பட்டென்று ஒட்டிக்கொண்டது.

மூண்டது பெரும்போர். முதலில் நகங்கள் சென்றன, இரண்டு முறிந்தன. இடுக்கி சென்றது, சென்ற வேகத்தில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு, போன மச்சான் திரும்பிவந்தான் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் எதிரிப் பாசறையிலேயே தங்கிவிட்டது. ஒன்பது ஆண்டு உப்பிட்டு வளர்த்த திருப்புளியும், ஐயகோ, அவ்வாறே கட்சி மாறியது. பிடுங்கப் போன படையெல்லாம் பிடிபட்ட பின், வெறுங்கையனாய் நின்ற வீரன், பீரோவில் ஒரு காலை ஊன்றி, கண் சிவந்து, மீசை துடித்து, அறை அதிர முழங்கினான்.

“ஒண்ணு நீ வரணும், இல்லே இந்த பீரோ வரணும்!”

பீரோ ஓரடி வந்தது. அதன் உச்சியிலிருந்த சூட்கேஸ் அவன் தோளில் வந்து இறங்கியது. காந்தம் வரவில்லை. மதியச் சாப்பாடு ஆறியது, வெயில் சாய்ந்தது, சாக்குகள் மூன்றும் வராந்தாவில் அநாதைகளாய்க் காத்திருந்தன. வீரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நூல்கண்டு எடுக்க வந்த துணைவி, குறுக்கே நின்ற கணவனை விலகச் சொல்லி, பீரோவைத் திறந்தாள். தொங்கிய ஆயுதங்களைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். காந்தத்தைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினாள். கதவின் விளிம்பைத் தாண்டியதும் அது அவள் உள்ளங்கையில் பூனைக்குட்டியாய் வந்து விழுந்தது.

“பரவாயில்லையே, நல்லா பிடிக்குது. உருப்படியான சாமான்தான்” என்றாள்.

ஆகா! அச்சொல் செவியில் விழுந்ததும் வீரனின் மார்பு விரிந்தது, முறிந்த நகங்கள் முளைத்தன போலாயின, மூன்று சாக்குகளும் தப்பின, தப்பியதோடு நான்காவதற்கும் இடம் பிறந்தது என்று கண்ணீர் மல்கக் கைகூப்பி நின்றான் அக்குப்பைகளின் கோமான், வராந்தாவின் வேந்தன், தோல்வியறியாத் திருப்புளித் தோன்றல்.

அவள் அந்தக் காந்தத்தை வைத்து, பழைய இரும்புக்காரரின் போன் நம்பர் எழுதிய சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.