கூரைக்குள் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமை

சிம்பாங் ரெங்கம்,
ஞாயிறு காலை.

லாயாங் லாயாங்கில் குடும்பத்தோடு சிறப்பாக வாழ்ந்துவரும் பெருமதிப்பிற்குரிய மச்சான் ஐயாசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லத்தின் கணவன் லெட்சுமணன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் செல்லமும் நலம். இந்த ‘நலம்’ என்ற சொல்லை நன்றாக யோசித்த பிறகுதான் எழுதியிருக்கிறேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு சாந்தினி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் தீயணைப்புக்காரர்களின் பொம்பா லோரி நிற்பதும், கைலியோடு, உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு தூக்குப் படுக்கையில் கிடப்பது நான்தான் என்பதும் உண்மை. அதற்கு நீங்கள், “அடுத்த சனிக்கிழமை வேன் வரும். செல்லம், துணிமணிய எடுத்து வை” என்று மட்டும் பதில் போட்டீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பேசி முடித்து வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை மட்டும் பாதியில் வைத்துவிட முடியாது என்ற நம்பிக்கையில், நாளை உங்கள் பக்கம் வேலைக்கு வரும் சாந்தினியின் கணவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செல்லம் அடுப்பங்கரையில் மயங்கி விழுந்த அன்று நீங்கள் வந்து நின்று, “இது வீடா, ரொட்டி சுடுற அடுப்பா? என் தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன்” என்று கத்தியதை நான் மறக்கவில்லை. இரத்தக்கொதிப்பு இருக்கிறவள் இந்தச் சூட்டில் இருக்கவே கூடாது என்று கிளினிக் டாக்டரும் சொல்லிவிட்டார். நான்தான் உங்கள் கையைப் பிடித்து, “ஒரு மாசம் குடுங்க மச்சான், வீட்டையே குளுகுளுன்னு மாத்திக் காட்டுறேன்” என்றேன். அன்றிலிருந்து நான் உட்காரவில்லை. வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். மேற்கு வெயில் நேராக இறங்கும் ஓரத்து வீடு அல்லவா, கூடத்துச் சன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். பழைய ஏர்கோனைக் கழற்றிவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியதை மாட்டினேன். குளிர்காற்று வெளியே ஓடாதபடி வாசற்கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினேன். அது கொஞ்சம் தடிமனாகப் போய்விட்டதால் கதவைத் திறக்க முடியவில்லை. ஆளெல்லாம் இப்போது பின்வாசல் வழியாகத்தான் வருகிறோம். ஆனால் குளிர்காற்று வெளியே போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கூரை. கொந்தரெக்டர் ரூபேந்திரன் வந்து பார்த்தார். ஓட்டுக்கு அடியில் வெள்ளித்தாள் விரித்து, சீலிங் பலகைக்கு மேலே ராக்வூல் என்ற தடித்த பஞ்சை மெத்தைபோல் பரப்பினால் பாதிச் சூடு உள்ளேயே இறங்காது என்றார். “சத்தமும் இறங்காது அங்கிள். மேல பட்டாசு வெடிச்சாலும் கீழ கேக்காது, கேரண்டி லா!” என்றும் சொன்னார். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் போடச் சொன்னேன். செல்லம் கதவோரம் நின்று, “அடுப்படிக்கு?” என்று கேட்டாள். அது பின்னால் இழுத்துக் கட்டிய தகரக் கூரை, தனி வேலை, ரெண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்றுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலையாட்கள் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பின்புறம் கைகால் கழுவும் நேரத்தில், பஞ்சை இடைவெளி விடாமல் பரப்பியிருக்கிறார்களா என்று பார்க்க ஏணியில் ஏறி, சீலிங் மூடி வழியாக உள்ளே போனேன். இடைவெளி விட்டால் எல்லாம் வீண் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். குறுக்குச் சட்டத்தில் மட்டும் கால் வைத்துத் தவழ்ந்து, படுக்கையறைக்கு மேலே மூலைவரை போய்விட்டேன். அங்கே இடைவெளி இருந்தது. ‘பிடித்தேன் பார்’ என்று மனதுக்குள் சந்தோஷப்பட்ட அந்த நிமிடத்தில், பின்னால் டக் என்று ஒரு சத்தம். வெளிச்சம் போய்விட்டது. யாரோ ஒரு நல்ல மனிதர், தூசி விழக்கூடாதென்று மூடியைச் சாத்திக் கீழிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஏணியை லோரியில் ஏற்றும் ஓசை மெல்லக் கேட்டது. பிறகு லோரியும் போய்விட்டது.

கத்தினேன் மச்சான். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது. ரூபேந்திரன் கேரண்டி கொடுத்த சாமான் அவ்வளவு நல்ல சாமான். கைபேசி கீழே சார்ஜில் இருந்தது. அந்த நேரத்தில் நான் காப்பிக் கடையில் இருப்பதுதான் வழக்கம் என்பதால் செல்லம் என்னைத் தேடவும் மாட்டாள். வெள்ளித்தாளும் மேலே பாதிதான் ஒட்டியிருந்தது. மீதி ஓட்டிலிருந்து இறங்கிய சூடு முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் இருந்தது. பஞ்சின் தூள் கழுத்திலும் கண்ணிலும் ஊசியாகக் குத்தியது, மூக்கில் ஏறித் தும்மலும் வந்தது. மூடியை நோக்கித் திரும்பலாமென்றால் இருட்டில் எது சட்டம், எது வெறும் பலகை என்று தெரியவில்லை. தவறி மிதித்தால் பலகையோடு கீழே போக வேண்டியதுதான். மூச்சை இழுத்தால் காற்று வரவில்லை, வெந்நீர்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் வியர்ப்பதுகூட நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். கையில் அகப்பட்ட ஒரு கட்டையை எடுத்துச் சட்டத்தில் தட்டினேன்.

கீழே பேச்சுக் குரல். விளக்கு மாட்டுவதற்காக என் பக்கத்துப் பலகையில் போட்டிருந்த சின்ன ஓட்டையில் காதை வைத்தேன்.

“அக்கா, மூசாங் வந்திருச்சு! எங்க வீட்லயும் இப்படித்தான் குட்டி போட்டுச்சு” என்றாள் சாந்தினி.

மச்சான், நான் மரநாய் இல்லை என்று கத்தத் தொண்டையில் ஈரம் இல்லை. மறுபடி தட்டினேன். கீழிருந்து துடைப்பக்கட்டையால் பதிலுக்குத் தட்டினார்கள். ஆகா, கேட்டுவிட்டது என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.

“கோவமா இருக்குக்கா! கடிக்கிற ஜாதி!”

ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். செல்லத்தின் முகம் தெரிந்தது. கையில் கரப்பான் மருந்து. பாவம், வெள்ளை மனசுக்காரி, அவளுக்கு என்ன தெரியும்? ஒரே அழுத்து. என் வலக்கண் அன்று முழுவதும் திறக்கவில்லை. கடைசி வழியாக விரலை ஓட்டைக்குள் விட்டு ஆட்டினேன். சாந்தினி “பேய்!” என்று அலறிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். செல்லம் ஓடவில்லை.

“ஏங்க? நீங்களா? ஏன் இன்னும் எறங்கல?”

“மூடி... பூட்டியிருக்கு... தலை சுத்துது, நகர முடியல செல்லம்.”

அதற்குப் பிறகு அவள் குரலே மாறிவிட்டது. “சாந்தினி! பொம்பாவுக்குப் போன் அடி!” என்று கத்தினாள். சாப்பாட்டு மேசையை இழுக்கும் சத்தம் கேட்டது. அதன்மேல் நாற்காலி. படியேறினாலே மூச்சு வாங்குகிறவள், நாற்காலியில் ஏறி ஓட்டைக்குள் ஒரு ரப்பர்க் குழாயை நுழைத்துவிட்டு, “வாயில வச்சு உறிஞ்சுங்க” என்றாள். மறு நுனி தண்ணீர்ப் போத்தலில். “நீ எறங்கு, விழுந்துருவ” என்றேன். “நீங்க மொதல்ல குடிங்க” என்றாள். கண் செருகிக்கொண்டு வந்தது. அவள் விடவில்லை.

“தூங்காதீங்க. பேசுங்க. எதையாவது பேசுங்க.”

“என்னத்தப் பேசுறது? இவ்வளவு சூட்டுல மனுசன் எப்படி இருக்கிறது?”

 கீழிருந்து சாதாரணமாகச் சொன்னாள்: “மத்தியானம் என் அடுப்படி இப்படித்தான் இருக்கும். நான் தெனமும் இருக்கேனே.”

மச்சான், நீங்கள் வாசலில் நின்று கத்தியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் கத்தாமல் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதமாக நான் குளிர வைத்தது எதை? நான் டிவி பார்க்கும் கூடத்தை. நான் மதியம் தூங்கும் அறையை. அவள் விழுந்த இடத்தைத் தொடவே இல்லை. ஓட்டை வழியாக, “செல்லம், மொதல்ல அடுப்படிதான்” என்றேன். “சரி, பேசிக்கிட்டே இருங்க” என்றாள். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கல்யாணத்தன்று நீங்கள் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்ததைப் பற்றிக்கூட ஏதோ பேசியிருக்கிறேன்.

பொம்பாக்காரர்கள் வந்து வாசற்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பின்னால் சுற்றி வந்தார்கள். சமையலறைக்குள் கால் வைத்த முதல் ஆள், “பானாஸ்ஞா, மாக்சிக்!” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். நெருப்பை அணைக்கிற மனிதர் எங்கள் சமையலறையைப் பார்த்து ‘என்ன சூடு’ என்கிறார்! அவர்கள்தான் மூடியைத் திறந்து என்னை இழுத்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை ரூபேந்திரன் வருகிறார். சமையலறைத் தகரத்துக்கு அடியில் பஞ்சு, உயரத்தில் சூடு வெளியேறச் சன்னல், புகை இழுக்கும் காற்றாடி எல்லாம் பேசியாகிவிட்டது. ஆகவே மச்சான், சனிக்கிழமை வேன் வேண்டாம். கொஞ்சம் தவணை கொடுங்கள். அவள் இல்லாத வீட்டைக் குளிர வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடல்சுகமும் மனநிறைவும் தங்க, நாங்கள் வணங்கும் முனீஸ்வரன் கூடவே இருக்கட்டும்.

தங்கள் அன்பிற்கும் மன்னிப்பிற்கும் காத்திருக்கும்,
லெட்சுமணன்.

பின்குறிப்பு: அண்ணே, செல்லம் எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. மூசாங் மனுசன் மாதிரித் தும்மாது என்று எனக்குத் தெரியும். மருந்து அடிப்பதற்கு முன்னாலேயே தும்மல் கேட்டுவிட்டது. வேலைக்காரர்களை வேவு பார்க்கத் தானாக ஏறியவர், தானாக இறங்குவார் என்று நினைத்துத்தான் ஒரு அழுத்து அழுத்தினேன். பூட்டிக்கொண்டது விரல் வந்த பிறகுதான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் அடித்தே இருக்க மாட்டேன். தும்மல் கேட்டுத்தான் அடித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். சனிக்கிழமை வேனைக் கொண்டு வாருங்கள், துணி எடுத்து வைத்துவிட்டேன். சமையலறை வேலை முடியும்வரை உங்களோடுதான் இருப்பேன். அதுவரை இவர் அந்த அடுப்படியிலேயே நின்று சமைத்துச் சாப்பிடட்டும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.