இன்ஷா அல்லாஹ்வுக்கு எத்தனை சஹன்?

பிழையைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வது என் பிறவிக் குணம். ஜாவா என்ற கணினி மொழிக்கும் அதைப் பழக்கிவிட்டவன் நான்.

அப்போது கல்முனையில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். (எங்கள் தெருவில் அது அமெரிக்கா போய் வந்ததற்குச் சமம்.) என் மூத்த அண்ணனுக்கு, எங்கள் பேச்சில் காக்காவுக்கு, கல்யாணம். வலீமா விருந்துக்கு எத்தனை சஹன், அதாவது பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு, வைப்பது என்ற கணக்கை நானே கேட்டு வாங்கினேன். அழைத்தவர்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி போகும். எத்தனை பேர் வருவார்கள் என்று இலக்கத்தில் பதில் வரும். என் புரோகிராம் கூட்டிச் சொல்லும்.

முதல் பதிலிலேயே புரோகிராம் விழுந்து படுத்தது. 'இன்ஷா அல்லாஹ் வருவம்', அதாவது அல்லாஹ் நாடினால் வருவோம், என்று வந்திருந்தது. இலக்கம் எதிர்பார்த்த மெத்தட், அதாவது புரோகிராமின் கூட்டும் பகுதி, எழுத்தைக் கண்டதும் எக்ஸெப்ஷன் என்ற பிழையை எறிந்துவிட்டது. வகுப்பில் இரண்டு வழி சொல்லித் தந்திருந்தார்கள்: கேட்ச் போட்டுப் பிழையைப் பிடித்து நீயே சமாளி, இல்லாவிட்டால் மெத்தடின் தலையிலேயே த்ரோஸ் என்று அறிவித்து, அதை அழைத்தவன் பொறுப்பில் விடு. நான் மூன்றாவது வழி கண்டேன். கேட்ச் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டேன். இலக்கமில்லாத பதில்களைக் கூட்டாமலே தாண்டிக்கொண்டு புரோகிராம் சமர்த்தாக ஓடியது. இளசுகள் மட்டுமே இலக்கம் அனுப்பியிருந்தார்கள் என்றோ, பெரியவர்கள் முழுக்க இன்ஷா அல்லாஹ்தான் என்றோ அது வாய் திறக்கவில்லை.

கூட்டுத்தொகை குறைவாகத் தெரிகிறதே என்று வாப்பா தயங்கினார். கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியாதா என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

விருந்தன்று கடைசிச் சஹனும் காலியான நேரத்தில் அக்கரைப்பற்றிலிருந்து பெண்வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். காக்காவின் முகம் வெளுத்தது. வலீமா மாப்பிள்ளை வீட்டு விருந்து. சம்பந்திகளைப் பசியோடு அனுப்பினால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"சோறு எங்கடா?" என்றார் மெதுவாக.

நிலம் பிளக்காதா என்றிருந்தது. ஊர் ஹோட்டல்களில் இருந்த கொத்து ரொட்டியையெல்லாம் வாரிவந்து சஹன்களில் கொட்டினோம். காக்காவின் மாமனார் அடியில் புரியாணி இருக்கும் என்ற நம்பிக்கையில் கடைசிவரை கிளறிக்கொண்டே இருந்தார்.

பிறகு எனக்குப் பெண் பேசப் போனபோது, அந்த வீட்டில் படிப்பையும் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை.

"வலீமாக் கணக்க ஆர் பார்க்கிற?" என்று மட்டும் கேட்டார்கள்.

"இவனில்ல," என்றார் காக்கா.

அந்த இடத்திலேயே சம்பந்தம் முடிவானது.