செமோர் கடையில் வைத்த அஞ்சு வெள்ளி

சிலிபின், ஈப்போ
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் கனகராஜ் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரர் பத்துமலை எழுதுவது. ஹூஸ்டனில் தாங்களும் புஷ்பலதாவும் சுகமே இருக்க வேண்டுகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைத்தும் நலம். அமெரிக்காவில் கற்றுக்கொண்ட டிப்ஸ் பழக்கத்தை ஊரில் கடைப்பிடிக்கிறேனா என்று வாட்ஸாப்பில் கேட்டிருந்தீர்கள். அது விரலால் தட்டிச் சொல்லி முடிகிற கதை இல்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன். உங்கள் அக்காள் மங்களம் போட்டோ எடுத்து அனுப்பி வைப்பாள்.

முதலில் அந்த ஹூஸ்டன் சாப்பாட்டுக்கடை விவகாரத்துக்கு மறுபடியும் மன்னிப்பு. மேசைமேல் இருந்த பதினெட்டு டாலரை நீங்கள் மறந்து விட்டுவிட்டதாக நினைத்துத்தான் நான் எடுத்துக்கொண்டு காருக்கு ஓடிவந்தேன். பாதி வழியில் விஷயம் தெரிந்து, நீங்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்ததையும், வீடு வரும்வரை புஷ்பலதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததையும் நான் மறக்கவில்லை. "உக்காந்து சாப்பிடுறவங்க வைக்கணும், நின்னு பரிமாறுறவங்க எடுக்கணும், அவ்வளவுதான் மாமா" என்று சொன்னீர்கள். முப்பத்துநாலு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவன் நான். எனக்கு யாரும் ஒரு காசு வைத்ததில்லை, நாய்கள்தான் தங்களால் ஆனதைக் கொடுத்தன. இருந்தாலும், இனி ஊரில் யார் வேலை செய்தாலும் ஏதாவது வைப்பது என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் அதற்குத் தயாராக இல்லை மச்சான். ரொட்டி சானாய் போடுபவருக்கு நம்ம ஊர்க் காசு ரெண்டு வெள்ளி கூடுதலாக வைத்தேன், மிச்சத்தை விட்டுட்டேன்னு நினைச்சு சிக்னல் வரைக்கும் மோட்டார்ல துரத்திக்கிட்டு வந்து கையில திணிச்சிட்டுப் போனாரு. முடி வெட்டுறவர்கிட்ட மூணு வெள்ளி வச்சேன், அவர் கத்தரிய கீழ வச்சிட்டு, டாக்டர் என்ன சொன்னாருன்னு மெதுவா விசாரிச்சாரு. அதுக்கெல்லாம் நான் அசரல.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில செமோர் பக்கம் வீடு பார்க்கப் போனோம். பழைய கித்தா ரப்பர்த் தோட்டத்த அழிச்சிட்டு வரிசை வீடுகளா தாமான் கட்டுறாங்கள்ல, அங்கதான். மரம் ஒன்னுகூட இல்ல, செம்மண்ணு வெயில்ல காயுது, நடுவுல தகரம் போட்ட ஒரே ஒரு தேத்தண்ணிக் கடை. ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், கைலி கட்டியிருந்தாங்க, ரெண்டு தே ஓ கொண்டாந்து வச்சாங்க. நல்ல தேத்தண்ணி. காசு கொடுத்தது போக, அஞ்சு வெள்ளி தாளைத் தட்டுக்குக் கீழ வச்சேன். அந்த அம்மா அதைத் தொடல. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் எங்க வீடு எங்கன்னு கேட்டாங்க. மரியாதைக்குக் கேக்குறாங்கன்னு நினைச்சு லோரோங் சந்துப் பேரு, வீட்டு நம்பர் எல்லாம் சொன்னேன். தாளை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

மறுநாள் காலையில வாசல் கூட்டுற சத்தம். எட்டிப் பார்த்தா அதே அம்மா. கேட்ல நான் போட்ட ரெண்டு பூட்டும் பூட்டினபடியே இருக்கு. போஸ்ட்மேன் சட்டைய ரெண்டு தடவ கிழிச்ச பக்கத்து வீட்டு நாய், காருக்கு அடியில தலைய வச்சுப் படுத்திருக்கு. எப்படி உள்ள வந்தீங்கன்னு நான் கேக்குறதுக்குள்ள மங்களம், "என்னங்கம்மா வேணும்?"னு கேட்டா. பேரு மாரியம்மான்னும், நாளுக்கு ரெண்டு வெள்ளின்னா அஞ்சு வெள்ளிக்கு ரெண்டரை நாள் வேலை ஆகுதுன்னும், திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருக்கணும்னும் சொன்னாங்க. மிச்சம்னா மிச்சம்தான், வேலைக்கு இல்லேன்னு நான் விளக்கினேன். "சும்மா யாருங்கய்யா காசு கொடுப்பாங்க"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு.

சோறு வேணாம், தண்ணி வேணாம். வேலை இல்லாத நேரத்துல, தோட்டத்துல காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கிற மாதிரி, பைப்படியில நேரா நிப்பாங்க. எல்லாம் திங்கக்கிழமையோட முடிஞ்சிருக்கும். உங்க அக்கா இருக்காளே, ஞாயித்துக்கிழமை பாவம்னு சொல்லி இருபது வெள்ளிய எடுத்துக் கொடுத்துட்டா. அது பத்து நாளாச்சு. எனக்குப் பொறுக்கல, இந்தாங்கம்மா, இனி வராதீங்கன்னு அம்பது வெள்ளிய நீட்டினேன். வாங்கிக்கிட்டு, விரல்ல எண்ணிப் பார்த்து, இருபத்தஞ்சு நாள்னாங்க.

நான் பயந்தது எதுக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. ஒருநாள் விடியக்காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் துணி துவைச்சாங்க. பைப்பு கொட்டிக்கிட்டே இருக்கு, சிமெண்டுத் தரையெல்லாம் ஈரம். பழக்க தோஷம், போய் மீட்டரப் பார்த்தேன். காலையில இருந்த அதே நம்பர். முள்ளு துளிகூட அசையல. முப்பத்துநாலு வருசத்துல நான் திருட்டு மீட்டர் பார்த்திருக்கேன், துருப்பிடிச்ச மீட்டர் பார்த்திருக்கேன், இப்படி ஒன்னைப் பார்த்ததில்ல. அன்னிக்கு அவங்க துவைச்ச சட்டையப் போட்டுக்க எனக்கு மனசு வரல.

செமோருக்கு ஓடினேன். கடைக்காரர் பேரு மாயாண்டி. அவர் கடைய எடுக்குறப்பவே அந்த அம்மா அங்க இருந்தாங்களாம். சம்பளம் கேட்டதே இல்லையாம், பழைய முதலாளி எப்பவோ ஏதோ மிச்சம் கொடுத்தாராம். திருப்பிக் கூப்பிட்டுக்கோங்கன்னு கெஞ்சினேன். "உங்ககிட்ட வந்துட்டாங்கல்ல, நல்லாருக்கட்டும்லா"ன்னு சொல்லிட்டு, என் தேத்தண்ணிக்கு மிச்சம் அம்பது காச எண்ணி எண்ணி என் கையில வச்சு விரல மூடிவிட்டாரு. அவர் கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் உங்க பேச்சு ஞாபகம் வந்துச்சு மச்சான். நின்னு பரிமாறுறவங்க எடுக்கணும். சரி, அவங்க உக்காரட்டும், நான் நிக்கிறேன், கணக்கு தீந்திடும்ல? நேத்து மத்தியானம் அவங்கள ஹால்ல நாற்காலியில உக்கார வச்சு, சீனி எங்க இருக்குன்னு மங்களத்தக் கேட்டு, அறுபத்தேழு வயசுல முதல் முதலா நானே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுபோய் வச்சேன். குடிச்சாங்க. எங்க வீட்டுல அவங்க வாயில வச்சது அதுதான் முதல் தடவ. குடிச்சு முடிச்சு, தட்டுக்குக் கீழ பழைய காலத்துத் தாள் ஒன்ன வச்சாங்க, நான் எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அந்த அம்மா அவ்வளவு பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்ல. கேட் பக்கம் போய்த் திரும்பி, "கடைய அஞ்சரைக்குத் திறக்கணும்ங்கய்யா"ன்னாங்க. அவங்க வேலைக்குத் திரும்பிப் போறதத்தான் சொல்றாங்கன்னு நினைக்கிறேன். இன்னிக்குக் காலையில வரல. வாசல் பூரா குப்பை. பார்க்கவே சந்தோஷமா இருக்கு.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில்: டிப்ஸ் நல்ல பழக்கமே, கொடுக்கத் தெரிந்தவன் வாங்கவும் தெரிந்திருந்தால் ஒரு தொல்லையும் வராது. புஷ்பலதாவுக்கு என் அன்பு. இருவரும் நோய் நொடியின்றி, பிறர் கைபார்க்காத வாழ்வு பெற்று இருக்க மனமார வாழ்த்தும்,

பத்துமலை

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். இந்தக் கடிதத்த உன் மாமா எழுதி மேசையில வச்சு பதினாறு நாளாச்சு. மறுநாள் விடியறதுக்கு முன்னயே எந்திரிச்சுப் போயிட்டாரு. நேத்துத்தான் செமோர் கடையில கண்டுபிடிச்சேன். கைலி கட்டிக்கிட்டு, தோள்ல துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு. என்னப் பார்த்து, "என்ன குடிக்கிறீங்கம்மா?"ன்னு கேட்டாரு. என்னைய யாருன்னே அவருக்குத் தெரியல. வீட்டுல ஒரு கிளாஸ் கழுவாத மனுசன், தேத்தண்ணி நல்லாத்தான் போட்டாரு. அழுதுக்கிட்டே குடிச்சேன். வர்றப்ப நூறு வெள்ளிய தட்டுக்குக் கீழ வச்சிட்டேன். வீடு எங்கன்னு கேட்டாரு. சொன்னேன். இன்னிக்கு விடியக்காலையிலேருந்து வாசல் கூட்டிக்கிட்டு இருக்காரு. அம்பது நாளைக்குக் கவலையில்ல. அதுக்கப்புறத்துக்கு நீ கொஞ்சம் டாலர் அனுப்பி வையிப்பா.