பீரோவுக்குள்ளே ஒரு விரல்

நன்றியுரைக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஐந்தாவது நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

நூலகக் கூடத்தில் நாற்பது பேர். மேடையில், பத்து வருடமாக அவர் விழுந்து விழுந்து படிக்கும் திகில் எழுத்தாளர் அம்மாள், பக்கத்தில் பதிப்பாளர். முன்வரிசையில் மெக்கானிக்கின் மனைவி.

"பேய்க்கதை யார் வேணா எழுதலாங்க. ஒருத்தர் முதல் பக்கத்துலயே பேயைக் கூட்டிட்டு வந்து நாற்காலி போட்டு உட்கார வெச்சிடுவாரு. இன்னொருத்தர் கதையில பேய் அழும், நாமளும் சேர்ந்து அழுவோம். ரெண்டு பேருமே எனக்கு உசிரு. ஆனா அம்மா மாதிரி வராது. அம்மா முடிவே சொல்ல மாட்டாங்க!"

எழுத்தாளரின் புருவம் உயர்ந்தது. அடக்கம் போலிருக்கிறது என்று நினைத்த மெக்கானிக், உதாரணத்துக்குத் தாவினார்.

"பீரோ கதவு தானா திறக்குது. உள்ளேருந்து ஒரு விரல் நீளுது. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது! மிச்சத்தை நம்ம தலையில கட்டிட்டாங்க. இருட்டு லிஃப்ட் குழிக்குள்ள தனியா இறங்கி வேலை பார்க்கிறவன் நான். எனக்கே குலை நடுங்கிச்சு. அந்தப் பயத்துக்குத்தான் அம்மாவுக்கு என் நன்றி!"

"அது அத்தையோட விரல்தானே?" என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு தபால்காரர். "அதுக்கப்புறம் இருபது பக்கம் இருக்கே!"

கூடம் சிரித்தது.

"அப்போ... அச்சுல விட்டுப்போச்சு போல," என்று மெக்கானிக் சமாளித்தார்.

பதிப்பாளர் துள்ளி எழுந்தார். "என் அச்சுலயா? ஒரு புள்ளி விட்டுப்போகாது சார்!"

"சத்தியமாங்க! நீங்களே பாருங்க." கையெழுத்து வாங்கக் கொண்டுவந்திருந்த ஏழு நாவல்களையும் மேஜையில் பரப்பினார்.

வினை அங்கேதான் முற்றியது. எழுத்தாளர் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் புரட்டினார். ஏழிலும் கடைசி அத்தியாயம் இல்லை. பிளேடு போட்ட சுவடு மட்டும் சுத்தமாக இருந்தது.

"யாரோ வேணும்னே அறுத்திருக்காங்க," என்றார் அவர். "அப்போ என் கதை ஒண்ணைக்கூட நீங்க முழுசாப் படிச்சதில்லையா?"

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. மைக்கை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் மனைவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"அறுத்தது நான்தாம்மா. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவளும் நான்தான். முடிவு தெரியாத பயத்துல, தனியா ஒரு ரூம்ல உட்கார முடியாம, பத்து வருஷமா என்கூடவே சமையல்கட்டுல நின்னு பாத்திரம் தேய்க்கிறாரு!"