ஜனவரி நாலை நான் அழித்தது

ஒழுங்காக வேலை செய்யும் ஒன்றைத் தொடாமல் விடுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இல்லை. என் கையால் திருத்தப்பட்ட பொருட்கள் சுவிஸின் டீட்டிகோனில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. ஒன்றும் வேலை செய்வதில்லை.

அந்த வருடம் மகள் மதுஷா எட்டாம் வகுப்பு. இங்கே அந்த வயதிலேயே தொழிற்பயிற்சிக்கு இடம் தேடத் தொடங்க வேண்டும். முதலில் ‘ஷ்னுப்பர்’, அதாவது கடையிலோ பட்டறையிலோ சில நாட்கள் கூட நின்று பார்ப்பது. அவர்களுக்குப் பிள்ளையைப் பிடித்தால்தான் இடம். மதுஷாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடைதான் வேண்டும். பதினொரு கடைகளுக்கு எழுதினாள். பத்துக் கடைகள் மறுத்தன. (சுவிஸ்காரரின் மறுப்புக் கடிதம் பரிசு விழுந்த செய்தி போலவே தொடங்கும். கடைசி வரிவரை போனால்தான் அடி விழும்.) ஒரேயொரு கடை, “காவே பத்து, திங்கள் காலை எட்டு மணிக்கு வரவும்” என்று எழுதியது.

இந்த நாட்டில் வருடத்தின் கிழமைகளுக்கு, அதாவது வாரங்களுக்கு, இலக்கம் உண்டு. காவே பத்து என்றால் பத்தாவது கிழமை. நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் நாள் முழுக்க இதே பேச்சுத்தான். ஆனால் அங்கே இலக்கத்தை ஸ்கானர் சொல்லிவிடும், நான் யோசிப்பதில்லை.

மதுஷா கணினியில் எக்செல் அட்டவணை ஒன்று செய்து வைத்திருந்தாள். கிழமை இலக்கத்தைப் போட்டால் அந்தத் திங்களின் திகதி வரும். அதற்குள் ஒரு நீளமான சூத்திரம். ஜனவரி நாலாம் திகதியை எடு, அது என்ன நாள் என்று பார், திங்களை ஒன்றாக எண்ணி அத்தனை நாள் பின்னோக்கிப் போ, ஒன்றைக் கூட்டு, ஏழு ஏழாக எண்ணு, முதல் ஏழைக் கழி. யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதம் படித்தவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

ஒன்றைக் கூட்டி ஏழைக் கழிப்பதை, ஆறைக் கழிப்பதாகச் சுருக்கினேன். அது சரி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“பிள்ளை, இதுக்குள்ள ஏன் நாலு?”

“அது அப்பிடித்தான் அம்மா. ரீச்சர் சொல்லித் தந்தவ. அதில கை வைக்காதையுங்கோ.”

“வருசம் ஒண்டாந் திகதிதானே தொடங்குது? உங்கட ரீச்சருக்கு மட்டும் நாலாந் திகதியோ?”

நாலை அழித்து ஒன்றைப் போட்டேன். சூத்திரம் அழகாக இருந்தது. கணவர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

“இஞ்சரும், சுவரில கலண்டர் தொங்குது. அதிலயே கிழமை இலக்கம் அடிச்சிருக்கு.”

“அச்சடிச்சவன் பிழை விட்டிருந்தா?” என்றேன். அவர் போய்விட்டார். இருபது வருடமாக இப்படித்தான் போகிறார்.

என் சூத்திரம் தந்த திகதிக்குப் பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுத்தேன். வேலையில் லீவு எடுத்தேன். இருபது மட்டன் ரோல்ஸும் பொரித்து ஒரு பெட்டியில் அடுக்கினேன்.

“அம்மா, ஒருத்தரும் தாயோட வாறேல்லை.”

“நான் வாசல் மட்டுந்தான் வாறன்.”

வாசலில் நிற்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? உரிமையாளர் திருமதி கெல்லர் எங்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடுத்த கிழமை அல்லவா? இது காவே ஒன்பது.”

கைப்பையில் இருந்து அச்செடுத்த அட்டவணையை எடுத்து நீட்டினேன். அவர் பின்சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். அப்போதுதான் என் வாழ்நாளின் மிகத் துணிச்சலான ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னேன்:

“உங்கள் கலண்டர் பிழை.”

பரிசோதனைக் கருவியில் நாடியை வைத்திருந்த முதியவர் தலையை எடுத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஒன்பது” என்றார். (கிழமை இலக்கம் காட்டும் கைக்கடிகாரம்! இந்த நாட்டில் நான் எப்படித் தப்புவது?)

“சூத்திரம் யார் எழுதியது?” என்று கேட்டார் திருமதி கெல்லர்.

“நான்தான். அம்மா சுருக்கினார்,” என்றாள் மதுஷா. முகம் சிவந்திருந்தது. ஆனாலும் விளக்கினாள். ஜனவரி நாலு எந்தக் கிழமைக்குள் விழுகிறதோ அதுதான் முதலாம் கிழமை. அந்த வருடம் ஜனவரி ஒன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகவே அது பழைய வருடத்தின் கடைசிக் கிழமையைச் சேர்ந்தது. அம்மா அங்கிருந்து எண்ணியிருக்கிறார்.

திருமதி கெல்லர் சிரிக்கவில்லை. “அடுத்த திங்கள் வா. தனியாக.” பிறகு பெட்டியைப் பார்த்து, “அதை வைத்துவிட்டுப் போகலாம்” என்றார்.

பஸ்ஸில் மதுஷா யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். “இந்த இடமும் இல்லையெண்டா எனக்கு வேற இடமில்லை, அம்மா.” வீட்டுக்கு வந்ததும் விடுப்பை மாற்ற மறுபடி கடிதம் எழுத வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“‘தாய்’ எண்டு எழுதுங்கோ.”

அடுத்த திங்கள் அவள் தனியாகப் போனாள். நான் களஞ்சியத்தில் ஒரே பெட்டியை மூன்று முறை ஸ்கான் செய்தேன். வெள்ளி மாலை திருமதி கெல்லர் அவளிடம், இலையுதிர்காலத்தில் ஒப்பந்தம் எழுதலாம் என்றாராம். ஏன் என்று கேட்டேன். “நாலைப் பற்றிச் சொன்னது அவவுக்குப் பிடிச்சதாம்,” என்றாள். என்னால்தான் இடம் கிடைத்தது என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

இப்போது அவளுக்குப் பயிற்சியின் கடைசி வருடம். வீட்டில் கறிக்கு உப்புக் குறைந்தாலும் சரி, அலுமாரித் துண்டுகளைப் பூட்டும்போது ஓர் ஆணி மிஞ்சினாலும் சரி, “அம்மா நாலை எடுத்திட்டா” என்பார்கள். போன மாதம் அவள் கடையில்தான் என் கண்ணைப் பரிசோதித்தார்கள். கண்ணாடி எடுக்க வேண்டிய சீட்டில் நாள், திகதி, மாதம், வருடம், கிழமை இலக்கம் எல்லாம் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இருந்தும் புறப்பட முன் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். பிறகு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். மதுஷாதான் எடுத்தாள்.

“ஓம் அம்மா, இண்டைக்குத்தான். வாங்கோ,” என்றாள். “தனிய.”