பயிற்சிக்கென்றே பிறந்த தலை

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் டாக்டர், நர்ஸ், நோயாளி, நோயாளிக்குத் துணையாக வந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறவர் என்று பல இனங்கள் உண்டு. இவர்களில் யாரோடும் சேராத இனம் இன்னொன்று இருக்கிறது: பயிற்சிக்கு அனுப்பப்படுகிறவர். சீமையிலிருந்து சிறப்பு மருத்துவர் யாராவது லீவு போட்டு, சொந்தச் செலவில், நமக்குச் சொல்லிக் கொடுக்க வந்து இறங்கினால், வேலை தெரிந்தவரை வார்டிலிருந்து எடுக்க முடியாது. வேலை தெரியாதவரை வெளியே காட்ட முடியாது. அப்போது முன்வரிசையில் உட்காரவைக்கப்படுகிறவர் இவர்தான். தகுதி ஒன்றே ஒன்று. நன்றாகத் தலையாட்ட வேண்டும்.

டெல்டாவில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இந்தப் பதவி ஆண் நர்ஸ் பஞ்சநதத்துடையது. தஞ்சாவூர்ப் பொம்மையையாவது யாராவது தட்டிவிட வேண்டும். பஞ்சநதத்துக்கு “அதாவது” என்று ஆரம்பித்தாலே போதும். ஜப்பான்காரர் கை கழுவக் கற்றுக் கொடுத்தார், ஆட்டினார். ஜெர்மனிக்காரர் ஒரு மெஷினையே கொடுத்துவிட்டுப் போனார், அதற்கும் ஆட்டினார்; அந்த மெஷின் இன்றுவரை உறை கழற்றாமல், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு மட்டும் வைத்துக்கொள்கிறது. வீட்டுச் சுவர் முழுக்க லேமினேட் செய்த சான்றிதழ்கள். காலண்டர் மாட்ட இடமில்லை.

போன ஐப்பசியில் வந்தவர் டாக்டர் ஜாஃபர் சாதிக். கூத்தாநல்லூரில் பிறந்து, லண்டனில் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் நிபுணர். பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுப்பது எப்படி என்று ரப்பர்க் குழந்தை ஒன்றை வைத்துக் காட்டினார். ஈரத்தைத் துடைக்க வேண்டும். கழுத்து மடங்காமல் தலையை நேராக வைக்க வேண்டும். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அழுத்தி, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். இருபது தலைகள் ஆடின. அந்த அறையில் ஆடாத பொம்மை அந்த ரப்பர்க் குழந்தை ஒன்றுதான்.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “நாளைக்கு நான் கிளம்பிடுவேன். இனிமே இங்க எல்லாருக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும், பஞ்சநதம். வாங்க, இப்பவே ஒருதடவை செஞ்சு காட்டுங்க,” என்றார்.

பதினெட்டு வருஷ சர்வீசில் பஞ்சநதம் அறையின் அந்தப் பக்கம் நின்றதே இல்லை. ஆட்டிய ஆட்டத்தில் அவர் காதில் தங்கியிருந்தது நெஞ்சு என்ற ஒரே சொல். ஆகவே பொம்மையின் நெஞ்சில் மாஸ்க்கைப் பதித்து, பயபக்தியோடு பையை அழுத்தினார்.

யாராவது சிரித்தார்களா? மீதிப் பத்தொன்பது தலைகளும் ஆடின. பக்கத்து நாற்காலி நர்ஸ் செல்லதுரை நோட்டில் படம் வரைந்து அடிக்கோடிட்டார். அன்று மாலை பிரசவ வார்டு டூட்டிக்குப் போக வேண்டிய செந்தாமரை சிஸ்டர் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார். இடத்தைப் பஞ்சநதத்துக்கு விட்டுப் பின்வரிசைக்குப் போய், போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஜாஃபரும், நிமிராமலே ஆட்டினார்.

ஆடுகிற தலைகளை எதிரே நின்று பார்ப்பது பஞ்சநதத்துக்கு அதுதான் முதல் தடவை. வார்டில் இரண்டு பேர் வலியோடு படுத்திருக்கிறார்கள். தான் செய்தது சரியா தப்பா என்று, நிமிர்ந்தே பார்க்காத டாக்டரைத் தவிர இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. உண்மையாகவே பயந்துபோனார்.

“சார், எனக்குப் புரியலை. மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க.”

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. “அப்ப நெஞ்சுல வைக்கக் கூடாதுங்களா?” என்று செந்தாமரை சிஸ்டர் கேட்டார். செல்லதுரை அவசரமாகப் பக்கத்தைக் கிழித்தார். ஒருவர், ஜெர்மனி மெஷினுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே கேட்டுவிட்டார். டாக்டர் போனை அணைத்து, மத்தியானச் சாப்பாட்டை மறந்து, ஒவ்வொருவர் கையிலும் பொம்மையைக் கொடுத்துச் செய்யவைத்தார். பஞ்சநதத்துக்கு ஏழாவது தடவையில் சரியாக வந்தது. புரிந்ததா என்று டாக்டர் கேட்டதும், தலை தன்பாட்டுக்குக் கிளம்புவதற்குள் இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்துக்கொண்டு, புரிந்தது என்று வாயால் சொன்னார்.

அன்று மாலை ஆறரைக்குப் பிறந்த குழந்தை அழவில்லை. செந்தாமரை சிஸ்டர் கை வைத்த முக்கால் நிமிஷத்தில் ஆஸ்பத்திரியே அதிர அழுதது.

நல்ல வேளை, நாமெல்லாம் அந்த இனமில்லை, இல்லையா? அதோ, ஆட்டுகிறீர்கள். சரி, ஒரே ஒரு கேள்வி. மாஸ்க் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதாக டாக்டர் இரண்டு காரியம் சொன்னாரே, அவை என்னென்ன? மேலே போய்ப் பார்க்கக் கூடாது.